பனிக்கால மராமத்து: ஏற்காட்டில் பங்காளிகளின் பொது வீடு

சேலம் நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கும் ஏற்காட்டிலும் அதைச் சூழ்ந்த சேர்வராயன் மலைச் சிற்றூர்களிலும், காப்பித் தோட்டங்களின் நடுவேயும் ஏரியை நோக்கிய சரிவுகளிலும், ஓட்டுக் கூரையும் கணப்பு அடுப்பும் கொண்ட பழைய வீடுகளை இன்றும் காணலாம். இவற்றுள் சில தங்கும் விடுதிகளாக மாறிவிட்டன; சில கைமாறி, இடிக்கப்பட்டு, அடுக்குக் கட்டடங்களாகிவிட்டன. எஞ்சியவற்றுள் பல, பாட்டனாரோ தந்தையாரோ கட்டியோ வாங்கியோ விட்டுச்சென்று, இப்போது சேலத்திலும் சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாடுகளிலுமாகப் பிரிந்து வாழும் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் அவர்தம் மக்களுக்கும் பொதுவில் கிடப்பவை. ஒருவருக்கும் தனியாகச் சொந்தமில்லாத, ஆனால் எல்லோரும் தமது என்று சொல்லிக்கொள்ளும் அத்தகைய வீட்டை யார் பழுதுபார்ப்பது, எப்போது பார்ப்பது, அந்த உழைப்பை எவ்வாறு கணக்கிடுவது என்பன சிறு குடும்ப விவகாரங்களாகத் தோன்றினாலும், அவற்றுக்கு விடை காணாததால் சிதைந்த வீடுகளும் முறிந்த உறவுகளும் தமிழ்நாட்டின் மலையூர்கள் எங்கும் உண்டு.

பொது வீட்டின் அடிப்படைச் சிக்கல், அது அனுபவிக்கப்படும் பருவமும் அது சிதையும் பருவமும் வேறுவேறாக இருப்பதுதான். பள்ளி விடுமுறையும் சமவெளியின் வெயிலும் ஒருங்கே வரும் சித்திரை, வைகாசியில், ஏற்காட்டில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடைபெறும் மே மாதத்தை ஒட்டி, உறவினர் அனைவரும் மலையேறுகின்றனர். அப்போது சுவர்கள் உலர்ந்திருக்கும். கதவுகள் சட்டத்தில் சிக்காமல் திறக்கும். கூரை ஒழுகுமா என்று சோதிக்கக் கோடை மழை இரண்டொரு மாலைகளில் பெய்து நின்றுவிடும். வீட்டைத் தின்னும் ஈரமோ, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில் உள்ளே நுழைந்து, கார்த்திகை, மார்கழிப் பனிமூட்டத்தில் தங்கி, தை பிறந்த பின்னரே வெளியேறுகிறது. அந்த நான்கு மாதங்களில் வீட்டை நேரில் காண்பவர், பெரும்பாலும் சேலத்தில் குடியிருக்கும் ஒரே ஒரு பங்குதாரரும் அங்கேயே தங்கியிருக்கும் காவலாளியும் மட்டுமே. பழுதைக் கண்ணால் கண்டவர் ஒருவராகவும், அதற்குப் பணம் தர வேண்டியவர்கள் அதைக் காணாத பலராகவும் இருக்கும் நிலையில், முன்னவர் சொல்வது பின்னவருக்கு மிகையாகவும், பின்னவர் தயங்குவது முன்னவருக்கு அலட்சியமாகவும் படுவதில் வியப்பில்லை. ஆகையால் மராமத்துப் பொறுப்பைக் கோடைகால வருகையை வைத்துப் பங்கிடாமல், பனிக்காலத்தை வைத்துப் பங்கிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இவ்வீடுகளின் தோற்றத்தை நோக்கினால் இச்சிக்கலின் வேர் தெளிவாகும். 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைப் புகுத்திய பின்னர், தோட்ட முதலாளிகளும், சமவெளியின் வெப்பத்துக்கு அஞ்சிய அதிகாரிகளும் சமயப் பணியாளர்களும் இங்கே வீடு கட்டத் தொடங்கினர். தோட்டக்காரர்களின் பங்களாக்கள் ஆண்டு முழுவதும் ஆள் குடியிருப்பதற்கென்றே கட்டப்பட்டவை. சமையலறையில் நாள்தோறும் விறகு எரிந்தது. மாலைதோறும் கணப்பு மூட்டப்பட்டது. பணியாட்கள் காலையில் சன்னல்களைத் திறந்து, மூடுபனி இறங்கும் முன் சாத்தினர். அந்த அன்றாடப் பழக்கமே வீட்டைக் காத்தது. அதற்கு மராமத்து என்று எவரும் பெயர் சூட்டவில்லை. அதே வீடு ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும்போது, முன்பு வாழ்க்கையோடு சேர்ந்தே நடந்தவை அனைத்தும் தனித்தனி வேலைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளும் ஒரு நாளும் ஒரு தொகையும் தேவைப்படுகின்றன.

ஈரம் வீட்டுக்குள் புகும் வகையைச் சற்று விளக்குவது பயனுள்ளது. வெப்பமான காற்று அதிக நீராவியையும் குளிர்ந்த காற்று குறைந்த நீராவியையும் தாங்கும். 25 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 23 கிராம் நீராவியைத் தாங்க, 12 டிகிரியில் ஏறத்தாழ 11 கிராமுக்கு மேல் தாங்காது. கார்த்திகை, மார்கழியில் ஏற்காட்டின் நண்பகலுக்கும் நள்ளிரவுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு இந்த அளவை நெருங்குவதுண்டு. பகலில் உள்ளே வந்த ஈரக்காற்று, இரவில் குளிரும் சுவரையும் கண்ணாடியையும் இரும்புப் பீரோவையும் தொட்டவுடன் தன்னால் தாங்க முடியாத மிகுதியை நீராக விட்டுவிடுகிறது. சுவர்ப்பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்கில் நீடித்தால் பூஞ்சை முளைக்கிறது; மரத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீர் சேர்ந்து அது நீடித்தால், மரத்தை உள்ளிருந்து மட்கச்செய்யும் காளான் வகைகள் வேலையைத் தொடங்குகின்றன. பூட்டிய வீட்டில் மெத்தைகளும் கம்பளிகளும் புத்தகங்களும் வீசும் முடை நாற்றம் இதன் முதல் அறிகுறி. நண்பகலில் வெயில் இருக்கும் இரண்டு மூன்று மணி நேரம் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவைத்து, நான்கு மணிக்கு முன் சாத்திவிட்டு, வாரம் இருமுறையேனும் கணப்பு மூட்டினால் இந்நிலை பெரிதும் தணியும். செலவில்லாத இந்த வேலையே எல்லாவற்றிலும் அதிகமாகக் கைவிடப்படுகிறது. ஏனெனில் இதற்கு ரசீது கிடையாது, எனவே கணக்கிலும் இடம் கிடையாது.

கூரையின் கதை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதை அடுத்து, மங்களூர் ஓடு எனப்படும் தட்டை ஓடு தென்னிந்திய மலையூர்கள் எங்கும் பரவிற்று. கைமரங்கள் எனப்படும் சாய்ந்த சட்டங்களின் மேல் குறுக்காக ரீப்பர் கட்டைகளை அடித்து, அவற்றின்மீது ஓடுகளை ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் பள்ளத்தில் பொருந்துமாறு தொங்கவிடுவதே இதன் அமைப்பு. ஓட்டைப் பிடித்துவைக்க ஆணியோ காரையோ இல்லாததால், குரங்கு ஒன்று தாவினாலும், சில்வர் ஓக் மரத்தின் கிளை முறிந்து விழுந்தாலும், ஓடு அரையங்குலம் நகர்ந்துவிடும். ஐப்பசியில் நகர்ந்த அந்த ஒற்றை ஓட்டின் வழியே வரும் நீர் முதலில் கீழே சொட்டுவதில்லை. ரீப்பர் கட்டையின் மேற்புறமாகவே ஓடி, அது கைமரத்தோடு சேரும் இடத்தில், ஆணித் துளையைச் சுற்றித் தேங்குகிறது. கீழே நின்று பார்ப்பவருக்குச் சுண்ணாம்புச் சுவரில் தேநீர் நிறத்தில் ஒரு கோடு தெரியும், அவ்வளவே. மார்கழிக்குள் அவ்விடம் கறுத்து, தை மாதத்தில் பேனாக்கத்தியால் குத்தினால் எதிர்ப்பின்றி உள்ளே இறங்கும் அளவுக்கு மரம் இளகிவிடும். அடுத்த ஆண்டு அந்த ரீப்பர் தொய்ந்து, அதன் வரிசையில் உள்ள ஓடுகள் எல்லாம் இடம்பெயரும். ஐப்பசியில் ஏணி போட்டு ஓர் ஓட்டை மாற்றியிருந்தால் ஓர் ஆளின் அரைநாள் கூலியோடு முடிந்திருக்கும். மூன்றாம் ஆண்டு மே மாதத்தில் கூடும் குடும்பத்தார்முன் வைக்கப்படுவதோ, கூரை முழுவதையும் பிரித்து அடுக்குவதற்கான மதிப்பீடு. அந்தத் தொகையைக் கேட்டுத்தான் வீட்டை விற்றுவிடலாம் என்ற பேச்சு முதன்முறையாக எழுகிறது.

கூரை விளிம்பில் மழைநீரை ஏந்திச் செல்லும் தகரப் பீலியும் இத்தகையதே. இலைச் சருகு அடைத்துக்கொண்ட பீலி நிரம்பி வழிந்து, சுவரின் அடியில் நீரை ஊற்றுகிறது. அந்நீர் அடித்தளத்தின் வழியே மேலேறிச் சுவரில் உப்புப் பூக்கச் செய்கிறது. பீலியைத் துப்புரவு செய்ய வேண்டிய காலமோ, காப்பிப் பழம் பறிக்கும் காலம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மலையில் கூலியாள் கிடைப்பது அரிது என்பதால், ஆயுத பூசைக்குள் இவ்வேலையை முடிக்காதவர் தை வரை காத்திருக்க நேர்கிறது.

சுவர்ப்பூச்சைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே களைய வேண்டும். பழைய வீடுகளின் சுவர்கள் கல்லையும் செங்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தால் இணைத்துக் கட்டப்பட்டவை. அவை ஈரத்தை உள்வாங்கி, வெயில் வந்ததும் வெளியே விடும் இயல்புடையவை. அவற்றின்மேல் சிமெண்டைப் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் வண்ணத்தை அடிப்பது, நகரத்திலிருந்து வரும் பங்குதாரர் அன்போடு செய்யும் பெருங்கேடு. உள்ளே போன ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சுக்குப் பின்னால் தேங்கி, இரண்டு மழைக்காலத்தில் வண்ணம் கொப்புளித்து உரிகிறது. நீற்றிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உட்கொண்டு மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக இறுகும். அதன் காரத்தன்மை பூஞ்சையையும் தடுக்கும். கடும் வெயிலில் அடித்த சுண்ணாம்பு விரைந்து உலர்ந்து பொடியாக உதிர்ந்துவிடுவதால், மழை ஓய்ந்து குளிர் இன்னும் நீங்காத மார்கழிக் கடைசியும் தைத் தொடக்கமுமே வெள்ளையடிக்க ஏற்ற காலம். போகிக்கு வீட்டை வெள்ளையடிக்கும் தமிழ் வழக்கம் இந்த வேதியியலோடு ஒத்திருப்பது கவனிக்கத்தக்கது.

பிற நாடுகளின் பனிக்கால வீடுகளோடு ஒப்பிடும்போது ஏற்காட்டின் தனித்தன்மை விளங்கும். பின்லாந்தில் ஏறத்தாழ 5 லட்சம் விடுமுறை வீடுகள் உள்ளன. நார்வேயிலும் கனடாவிலும் இத்தகைய வீடுகள் ஏராளம். அங்கே குழாய்களில் நீர் உறைந்தால் பனிக்கட்டி விரிந்து குழாய் வெடிக்கும் என்பதால், குளிர்காலம் தொடங்கும் முன் நீரை முற்றிலும் வடித்து வீட்டை மூடிவிடுவது பெருவழக்கு. அதாவது வேலை ஒருநாளில் தொடங்கி ஒருநாளில் முடியும். ஏற்காட்டில் நீர் உறைவதில்லை; ஆகவே இங்கே வீட்டை மூடிவைப்பது பாதுகாப்பு ஆகாது, திறந்து மூடிக்கொண்டே இருப்பதுதான் பாதுகாப்பு. நார்வேயில் டுக்நாட் என்றும் பின்லாந்தில் டால்கோட் என்றும் அழைக்கப்படும் வழக்கம், அண்டையாரும் உறவினரும் ஒருநாள் ஒன்றுகூடிக் கூலியின்றிப் பொதுவேலை செய்து, சேர்ந்து உண்டு பிரிவதாகும்; அதைச் சேர்வராயன் மலையில் பின்பற்றலாம், ஆனால் அந்த ஒருநாள் மட்டும் இங்கே போதாது.

ஒரு பொது வீட்டுக்கான உழைப்பு மூவகைப்படும். பணம் தருவது ஒன்று. கையால் செய்வது மற்றொன்று. நினைவில் வைத்திருந்து ஏவி முடிப்பது மூன்றாவது. கொத்தனாரைத் தொலைபேசியில் தேடுவது, அவர் வராத நாளில் மறுபடி அழைப்பது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணத்தைக் கட்டுவது, ஊராட்சிக்கு வீட்டு வரி செலுத்தி ரசீதைப் பத்திரப்படுத்துவது, காவலாளியின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விசாரிப்பது, காட்டெருமை வேலியை முறித்துவிட்டது என்ற செய்தி இரவில் வந்தால் மறுநாள் காலையில் மலையேறுவது ஆகிய அனைத்தும் மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. இது சேலத்தில் இருப்பவரின் தலையில், அவர் கேட்காமலே, அருகில் இருக்கிறார் என்ற ஒரே காரணத்தால் விழுகிறது. தொலைவில் உள்ளோர் பணத்தை அனுப்பிவிட்டுத் தம் கடமை தீர்ந்ததாகக் கருதுகின்றனர். அவர்களுடைய எண்ணம் தீயதன்று, ஆயினும் அது பிழையானது. ஆண், பெண் வேறுபாடும் இங்கே குறுக்கிடுகிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019ஆம் ஆண்டுக் காலப்பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் இந்தியப் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் அதில் செலவிடுகின்றனர். மலைவீட்டிலும் இதே நிலைதான் தொடர்கிறது: ஓடு மாற்றியது கணக்குப் புத்தகத்தில் ஏறும், ஆறு மெத்தைகளையும் பதினைந்து கம்பளிகளையும் வெயிலில் உலர்த்தி, தட்டி, மடித்து அடுக்கிய மருமகளின் உழைப்பு ஏறாது.

பொது உடைமையைப் பேணும் உழைப்பைப் பங்கிடுவது தமிழர்க்குப் புதிதன்று. ஏரி, வாய்க்கால்களை ஆயக்கட்டுதாரர்கள், அதாவது அந்நீரால் பாசனம் பெறும் நிலமுடையோர், தாமே ஆள் அனுப்பித் தூர்வாரிக் கரை உயர்த்தும் வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. அது தளர்ந்தபோது, சென்னை மாகாண அரசு 1858ஆம் ஆண்டில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றி அதை நிலைநிறுத்த முயன்றது. 2017இல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் ஏரிச் சீரமைப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. இதனினும் பழமையான சான்று உத்திரமேரூரில் உள்ளது. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய குழுக்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் எடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. உறுப்பினரின் பணிக்காலம் 360 நாள். அண்மையில் வாரியம் செய்தவர் மூன்றாண்டுக்கு மீண்டும் வர இயலாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழப்பர். ஒரே ஆள் தொடர்ந்து சுமக்கவும் கூடாது, ஒரே ஆள் தொடர்ந்து ஆளவும் கூடாது, கணக்கு என்பது எவராலும் தட்டிக்கழிக்க முடியாதது என்னும் இம்மூன்று கருத்துகளையும் ஏற்காட்டு வீட்டுக்கு அப்படியே கொண்டுவரலாம். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், பொதுவளங்களைப் பற்றி 1990இல் வெளியிட்ட நூலில், நெடுங்காலம் நிலைத்த கூட்டுப் பராமரிப்புகளை ஆராய்ந்து, விதிகள் அந்தந்த இடத்தின் இயல்புக்குப் பொருந்துவதும், அவற்றை அனுபவிப்போரே வகுப்பதும், கண்காணிப்பு இருப்பதும் அவற்றின் பொதுக்கூறுகள் என்று காட்டினார். உத்திரமேரூர்ச் சபையார் இவற்றுள் பலவற்றை ஓராயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டிவைத்திருந்தனர்.

குடும்ப வீட்டுக்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு செட்டிநாடு. நகரத்தாரின் பெருவீடுகளில், மணமான ஒவ்வொரு மகனுக்கும் அறை ஒதுக்கப்பட்டிருக்கும். மணமான இணையரைப் புள்ளி என்று கணக்கிட்டு, ஊர்க் கோயில் செலவுகளுக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி தண்டும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடந்து, திருமணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கப்படும் அவ்வீடுகள், பங்காளிகள் இசைந்த இடத்தில் நிமிர்ந்து நிற்கின்றன. இசையாத இடத்தில் தூண்களும் கதவுகளும் கழற்றப்பட்டுக் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. எனினும், தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு பணத்துக்கே பொருந்தும். ஏவி முடிக்கும் உழைப்பை அது அளப்பதில்லை.

சட்டம் இவ்விஷயத்தில் எதுவரை துணைநிற்கும் என்பதையும் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டில் ஆண் வாரிசுகள் தம் பங்கைப் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கோர இயலாது என்று தடுத்திருந்தது. தமிழ்நாடு 1989ஆம் ஆண்டிலேயே, அதுவரை மணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை அளித்தது. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் அவ்வுரிமையை நாடெங்கும் விரித்ததோடு 23ஆம் பிரிவையும் நீக்கிற்று. கிறித்தவக் குடும்பங்களுக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு தருகிறது. ஆதலால் மகள்களை விருந்தினராகக் கருதி, மராமத்துக் கலந்தாய்வில் அண்ணன் தம்பிகள் மட்டும் பேசி முடிப்பது, உரிமையையும் மறுக்கிறது, பொறுப்பையும் மறுக்கிறது. பிறர் செலுத்தக் கடமைப்பட்ட தொகையைத் தன் நலனைக் காத்துக்கொள்ளும் பொருட்டுச் செலுத்தியவர் அதைத் திரும்பப் பெறலாம் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 69ஆம் பிரிவு கூறுவதால், எல்லோருக்குமாக வீட்டு வரி கட்டியவர் பிறர் பங்கைக் கேட்க வழியுண்டு. ஆனால் கூரையைக் காக்க இன்றியமையாத பழுதுபார்ப்பு வேறு. குளியலறைக்குப் பளிங்கு பதிப்பது வேறு. முன்கூட்டி எழுதிய இசைவு இல்லாத நிலையில் இரண்டாவதற்குச் செலவிட்டவர் பிறரிடம் பங்கு கேட்டு நிற்பது கடினம். ஒருவர் தம் பங்கை அயலாருக்கு விற்றுவிட்டால், 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, அந்த அயலார் பாகம் கோரி வழக்கிடும்போது, குடும்பத்தைச் சேர்ந்த பங்குதாரர் நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அப்பங்கை வாங்கிக்கொள்ளலாம். இவையெல்லாம் வழக்கு வரை சென்ற பிறகு கிடைக்கும் நிவாரணங்கள். வழக்கு நடக்கும் ஆண்டுகளில் ஐப்பசி மழை நிற்பதில்லை.

நடைமுறையில் பொருந்திவரக்கூடிய ஏற்பாடு ஒன்றைக் கூறலாம். செலவை இரண்டாகப் பிரித்து, வீட்டு வரி, காவலாளியின் சம்பளம், கூரை, சுவர் ஆகியவற்றுக்கானதை அவரவர் சொத்துப் பங்கின்படியும், மின்சாரம், விறகு, சமையல் எரிவாயு ஆகியவற்றுக்கானதைத் தங்கிய நாள்களின்படியும் விதிப்பது முதற்படி. பனிக்காலத்தை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை என மாதமாதமாகப் பிரித்து, ஒவ்வொரு கிளைக் குடும்பமும் ஒரு மாதத்தின் முறைகாரராக இருந்து, ஆண்டுதோறும் மாதத்தை மாற்றிக்கொள்வது அடுத்தது. ஐப்பசிக்கு உரியவர் பீலியும் ஓடும் பார்ப்பார். கார்த்திகைக்கு உரியவர் நீர்த்தொட்டியும் மின்கம்பிகளும் கறையான் புற்றும் பார்ப்பார். மார்கழிக்கு உரியவர் மெத்தை, கம்பளி, அலமாரிகளை உலர்த்துவார். தைக்கு உரியவர் வெள்ளையடிப்பதையும், பிப்ரவரியில் காடு காயத் தொடங்கும் முன் வீட்டைச் சுற்றிச் சருகு நீக்கித் தீத்தடுப்பு வெட்டுவதையும் ஏற்பார். முறைகாரர் அந்த மாதத்தில் ஒருமுறையேனும் நேரில் சென்று இரவு தங்க வேண்டும் என்பது விட்டுக்கொடுக்கக் கூடாத விதி; பூட்டிய அறையில் கார்த்திகை மாதத்து இரவொன்றைக் கழித்தவரிடம் கூரைச் செலவுக்கு விளக்கம் சொல்லத் தேவையிருக்காது. வெளிநாட்டில் இருப்பதால் வர இயலாதவர், தம் முறையைச் செய்துதரும் உடன்பிறந்தாருக்கு ஒரு மேற்பார்வைத் தொகையைத் தர வேண்டும். உறவுக்குள் கூலியா என்ற கூச்சம் இங்கே எழும், ஆனால் அந்தக் கூச்சத்தால் நன்மை அடைபவர் எப்போதும் தொலைவில் இருப்பவரே.

வீட்டிலேயே ஒரு நோட்டு இருப்பது நல்லது. வந்த நாள், கண்ட பழுது, அழைத்த ஆள், கொடுத்த கூலி, மீதி வேலை என்று ஐந்து பத்தி போதும். கைப்பேசிக் குழுச் செய்திகள் புதியவற்றின் அடியில் புதைந்துவிடும், சமையலறை ஆணியில் தொங்கும் நோட்டை அடுத்த முறைகாரர் படித்தே தீர்வார். ஓட்டில் கண்ட ஒழுகலைத் தேதியோடு எழுதி, அந்த ஓட்டுக்கு நேர்க்கீழே சுவரில் பென்சிலால் குறியிடுவது கொத்தனார்களின் பழைய வழக்கம். வெயிற்காலத்தில் கூரைமேல் ஏறுபவருக்கு அந்தக் குறியே வழிகாட்டி.

போகியன்று, அதாவது சனவரி நடுவில், எல்லாக் கிளைகளும் கூடுவதைக் கோடைக் கூட்டத்தைவிட முதன்மையாகக் கொள்ளலாம். சேலம், கொங்குப் பகுதிகளில் அன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகியவற்றைச் சேர்த்து வீட்டின் இறவாணத்தில் காப்புக் கட்டுவர்; இறவாணத்துக்கு ஏணி போடும் அன்றே பீலியையும் ஓட்டு விளிம்பையும் பார்த்துவிடலாம். பெரியவர்கள் சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்ட, இளையவர்கள் மட்டையும் பிரஷும் எடுக்க, நோட்டிலுள்ள கணக்கு மாலையில் எல்லோர்முன்னும் வாசிக்கப்படுமாயின், அடுத்த ஆண்டின் முறைகளையும் அங்கேயே சீட்டுப் போட்டு எடுத்துவிடலாம். மே மாதத்தில் எந்தக் குடும்பம் எந்த வாரம் தங்குவது என்பதையும் அன்றே தீர்மானித்து, பனிக்கால முறையைச் செய்து முடித்தவருக்கு வாரத்தைத் தேர்வதில் முதலுரிமை தருவது நியாயமானது. வீட்டைச் சில மாதம் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டு, அவ்வருவாயைக் கூரை நிதியாக வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் இவ்வேலைகள் குறைவதில்லை. வாடகைக்கு வருபவர் கணப்பை மூட்டுவார், ஆனால் பீலியை ஏறிப் பார்க்கமாட்டார்.

இவ்வளவுக்கும் நடுவே, பனிக்காலம் முழுவதையும் உண்மையில் அந்த வளாகத்தில் கழிப்பவர் காவலாளியும் அவர் குடும்பமும்தான். அவர்களுள் பலர் சேர்வராயன் மலையின் தொல்குடியினரும், பட்டியல் பழங்குடியினருள் சேர்க்கப்பட்டவருமான மலையாளி மக்கள். கேரளத்தவரோடு பெயரால் மட்டுமே ஒத்தவர்கள். சன்னலைத் திறப்பதும் மூடுவதும், கணப்பு மூட்டுவதும், நகர்ந்த ஓட்டை முதலில் காண்பதும் அவர்களே. நான்கு பங்குதாரர்கள் நான்கு விதமாகத் தொலைபேசியில் ஏவுவதைக் கேட்டு எதைச் செய்வதென்று திகைப்பவர்களும் அவர்களே. அந்த மாத முறைகாரரின் சொல்லை மட்டும் கேட்டால் போதும் என்பதை முதலில் அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சம்பளம் குறித்த தேதியில் ஒரே கையிலிருந்து போய்ச் சேர வேண்டும். தீபாவளி போனஸ் இன்னாருடைய பொறுப்பு என்று ஒருவரையொருவர் நம்பி விட்டுவிடும் தவறு நிகழாதிருக்க, அதுவும் பொதுக்கணக்கில் முன்னதாகவே ஒதுக்கப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தோட்டத்தின் மூலையில் அவர்கள் குடியிருக்கும் ஓரறை வீட்டின் கூரையும் பொது மராமத்தின் பகுதியாகும். ஐப்பசியில் கொத்தனார் ஏணியோடு வரும்போது அவர் முதலில் ஏற வேண்டியது அந்தக் கூரையில். பங்களா பூட்டிக் கிடக்கையில், அந்த மழைக்குக் கீழே ஆள் உறங்குவது அந்த ஒரு கூரையின் அடியில்தான்.